ஒரு கீற்றும் கலையாமல்

என் அக்காவின் வீட்டைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இடிக்கவில்லை, கொளுத்தவில்லை, தூக்கிக்கொண்டு போனார்கள். இதைச் சொன்னால் இப்போது திருவாரூரில் என் பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரிக்கிறார்கள். "வீட்டை எப்படிங்க தூக்குவாங்க?" என்று கேட்கிறார்கள். தூக்கலாம். தூக்குவதற்குத் தோதாக அதைக் கட்டிக் கொடுத்ததே நாங்கள்தான். அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்றுவரை அடங்கவில்லை. அடங்கவும் வேண்டாம்.

முதலில் அது வீடே இல்லை. அப்பா உயிரோடு இருந்தபோது எங்கள் குடிசைக்குப் பின்னால் கட்டிய ஆட்டுக் கொட்டில். எட்டுப் பூவரசங்கால், மேலே தென்னங்கீற்று, சுற்றிலும் மூங்கில் தட்டி. பெரியவர்கள் நிமிர்ந்தால் தலை இடிக்கும். அதற்கும் பின்னால் பாசன வாய்க்கால். குடிசை நின்ற மண், கொட்டில் நின்ற மண், வாய்க்கால் கரை வரைக்கும் எல்லாம் பெரிய பண்ணைக்குச் சொந்தம். நாங்கள் அந்தப் பண்ணையில் நட்டு, களை பறித்து, அறுத்து வயிறு கழுவியவர்கள். பண்ணைக்காரர் மெட்ராஸில் இருந்தார். எங்களுக்குத் தெரிந்த பண்ணை என்றால் அது ஏஜெண்டுதான்.

அக்காவைத் தரங்கம்பாடிப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தது. மாமன் கடற்கரையில் மீன்கூடை தூக்குகிற ஆள். சாராயம் உள்ளே போனால் கை வெளியே வரும். ஒரு நாள் அக்கா முன்பல் ஒன்று இல்லாமல், இடுப்பில் பெண் குழந்தையோடு வந்து வாசலில் நின்றாள். அம்மா பல் எங்கே என்று கேட்கவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்கவில்லை.

"வந்துட்டியா? வீட்டுல இன்னொருத்தி நிக்கிறாளே, அவள நான் எப்படிடி கரையேத்துவேன்?" என்றாள்.

அந்த இன்னொருத்தி நான்தான். வாழாமல் வந்தவள் வீட்டுக்குள் படுத்தால், என்னைப் பெண் பார்க்க வருகிறவன் வாசலோடு திரும்பிவிடுவான் என்பது அம்மாவின் எண்ணம். ஆடுகளை அப்பாவின் கருமாதிச் செலவுக்கே விற்றாகிவிட்டது. கொட்டில் காலியாகக் கிடந்தது. "அங்க படுத்துக்க. தை பொறந்தா ஒன்னக் கொண்டுபோய் அவங்கிட்டயே விட்டுடுவேன்" என்று சொல்லி ஒரு கிழிந்த பாயைத் தூக்கிப் போட்டாள். புழுக்கை வாடை போகாத மண்ணில் பெற்ற மகளைப் படுக்க வைத்தாள். அடுப்பும் தனி. ஒரே உலையில் பொங்கினால் ஒரே வீடு என்று ஆகிவிடுமாம். நான் சண்டை போட்டேன். எனக்கு வாய் உண்டு, அம்மாவுக்கு அதைவிடப் பெரிய வாய். அக்காவுக்குத்தான் வாயே கிடையாது. அவள் கொட்டிலைக் கூட்டி, சாணம் தெளித்து மெழுகி, மூலையில் ஒரு மண்ணடுப்பை வைத்துக் கொண்டாள்.

ஒரு தை போய், அம்மா அடுத்த தையைச் சொல்லிக்கொண்டிருந்த சமயத்தில்தான் குடியிருப்பு மனைச் சட்டம் வந்தது. ஊருக்கு ஊர் மேடை போட்டு ஒலிபெருக்கியில் முழங்கினார்கள். அடுத்தவன் மண்ணில் குடிசை போட்டு யார் குடியிருக்கிறார்களோ, குடிசை நிற்கிற அந்த மனை அவர்களுக்கே சொந்தமாம். நாங்கள் மேடைப் பேச்சை அவ்வளவாக நம்பவில்லை. செங்கொடிச் சங்கத்துத் தோழர் ஒருவர் தெருவுக்கே வந்து உட்கார்ந்து நிதானமாகச் சொன்ன பிறகுதான் நம்பினோம். "தனிக் கூரை, தனி அடுப்பு இருந்தா தனி மனை. அதிகாரி வந்து பாக்குற அன்னைக்குக் கூரை அந்த மண்ணுல நிக்கணும். அவ்வளவுதான், விட்டுடாதீங்க" என்றார்.

அக்கா கூட்டத்துக்குக் கடைசியில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். வந்த நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பல் இல்லாத இடம் தெரியச் சிரித்தாள். "அம்மா என்னைய வெளிய தள்ளுனது நல்லதாப் போச்சுடி. இந்த மனை மட்டும் கெடச்சுட்டா நான் அங்க திரும்பிப் போவ வேணாம். தை பொறந்தாலும் போவ வேணாம்" என்றாள்.

அதற்கு முந்தின ஐப்பசியில் வாய்க்கால் பொங்கி, கொட்டிலுக்குள் முழங்கால் தண்ணீர். அக்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கவிழ்த்த உரல் மேல் உட்கார்ந்திருந்தாள். எட்டுக் காலும் மண்ணுக்குள் இருந்த பாகம் மக்கிப்போய், விரல் வைத்தால் பிய்ந்து வந்தது. இன்னொரு வெள்ளம் வந்தால் கொட்டில் படுத்துவிடும். அதிகாரி வரும்போது கூரை நிற்காது. அக்கா கொட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு ஒரு நாள், "இதத் தூக்கி மேல வச்சுட்டா என்ன?" என்றாள்.

புதுக் கால் வாங்கி ஊன்றலாம், காசு இருந்தால். மக்கின நுனியை அறுத்துவிட்டு அதே காலை மறுபடி ஊன்றினால், கூரை என் இடுப்பளவுக்கு இறங்கிவிடும். அதனால் ஊன்றுவதில்லை, அடியில் எதையாவது கொடுத்து அதன் மேல் நிறுத்துவது என்று முடிவு செய்தோம். எதைக் கொடுப்பது? எங்கள் சீமையில் கல் ஏது? களிமண்ணைத் தோண்டினால் அடியிலும் களிமண். நானும் அவளும் ஆவணி மாதம் முழுக்க வேலை முடிந்து வரும் வழியில் பொறுக்கினோம். காளவாயில் வெந்து உருகிக் கறுத்துப்போய், யாருக்கும் வேண்டாமென்று தள்ளிவிட்ட செங்கல். இடி விழுந்து செத்த பனையின் அடித்துண்டு நான்கு. தூர்ந்த கிணற்றில் கிடந்த உடைந்த உறை. ஓர் ஆட்டுக்கல்லின் பாதி. தெருவில் எங்களைப் பார்த்து, "என்ன, கோயிலா கட்டப் போறீங்க?" என்று கிண்டல் செய்தார்கள். அக்கா தலையில் உறைத்துண்டோடு சிரித்துக்கொண்டே போவாள்.

இதை ஏஜெண்டு பார்த்துவிட்டார். சைக்கிளை நிறுத்திக் கேட்டார். ஒன்று சொல்ல வேண்டும். சட்டம் வருவதற்கு முன் அவர் வாயில் எங்களுக்கு 'டி' போட்டுத்தான் பேச்சு. சட்டம் வந்த பிறகு 'டி' போய் 'ம்மா' வந்திருந்தது. அதைக் கேட்டால்தான் எனக்கு முதுகு சில்லிடும்.

"மழைக்கு முந்தி தூக்கிப்புடலாம்னு பாக்குறியாம்மா? நல்ல யோசனை. கொழந்தை நனையாம இருக்கும். தூக்குறதுக்கு மூங்கில் வேணுமே, பண்ணைத் தோப்புல வெட்டிக்க. ஏஜெண்டு சொன்னாருன்னு சொல்லு" என்றார்.

அக்கா கை எடுத்துக் கும்பிட்டாள். நான் கும்பிடவில்லை. ஆனால் மூங்கிலை வெட்டினேன்.

தூக்கின அன்றைக்கு எங்கள் தெருவில் திருவிழாதான். என் சித்தப்பா, அப்பாவின் தம்பி, அவர்தான் தலைமை. வைக்கோல் போர் நகர்த்துவது, கூரை தூக்கி வைப்பது, தேர் வடம் பிடிக்கப் போனால் குரல் கொடுப்பது, எல்லாவற்றுக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவரோடு ஏழு பேர் வந்தார்கள். இரண்டு பக்கமும் நீள மூங்கிலை எட்டுக் காலோடும் சேர்த்து வைத்துக் கட்டினார். குறுக்கே நான்கு மூங்கில். கயிறு வாங்கக் காசில்லாததால் பனைநாரும் பழைய கமலைக் கயிறும். கட்டி முடித்ததும் கொட்டில் முழுக்க ஒரே உடம்பாகிவிட்டது. ஒரு மூலையைத் தட்டினால் எதிர் மூலை அதிர்ந்தது.

"எல்லாரும் தோள் குடு! ஒண்ணா... தூக்கு! ஐலசா!" என்றார் சித்தப்பா.

மண்ணிலிருந்து எட்டுக் காலும் உருவிக்கொண்டு வந்தன. அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அப்படியே தோளில் தாங்கிக்கொண்டு நிற்க, இருவர் குனிந்து மக்கின நுனிகளை ரம்பத்தால் அறுத்தார்கள். நாங்கள் செங்கல்லையும் பனந்துண்டையும் அடுக்கி, வாளித் தண்ணீரை வைத்து மட்டம் பார்த்தோம். மெதுவாக இறக்கினார்கள். இடுப்புயரத்தில் உட்கார்ந்தது. குறுக்கு மூங்கில் மேல் பனை பிளந்த பிளாச்சு பரப்பித் தரை போட்டு, அடுப்புக்கு அடியில் மட்டும் களிமண் மெத்தினோம். குழந்தை ஏறி நின்று குதித்தது. ஒன்றும் ஆடவில்லை.

ஏஜெண்டு வாய்க்கால் மதகில் நின்று முழுக்கப் பார்த்தார். "அட, ஒரு கீத்து கலையலியே! அப்படியே அலுங்காமத் தூக்குதே!" என்று வியந்தார். சித்தப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அக்கா எட்டுப் பேருக்கும் கருவாட்டுக் குழம்பு வைத்துச் சோறு போட்டாள்.

இரண்டு காரியம் அன்றைக்குச் செய்தோம். இரண்டையும் இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. சுற்றிக் கட்டின மூங்கிலை அவிழ்க்க வேண்டாம் என்றார் சித்தப்பா. "பெருவெள்ளம் வந்தா இன்னும் ரெண்டு கல்லு ஏத்திக்கலாம், கம்பு கெடக்கட்டும்" என்றார். சரிதானே என்று விட்டுவிட்டோம். பல்லக்குக்குக் கம்பு நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி அது நான்கு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது.

இரண்டாவது, கால் உருவின குழிகள். எங்கள் தெரு வழக்கம், வீட்டுக் கால் உருவின குழியை வாய் திறந்து விடக்கூடாது. விட்டால் அந்த வீட்டில் ஒரு ஆளைக் கேட்கும் என்பார்கள். குழிக்கு மண் போட்டு, மேலாக ஒரு பிடி நெல்லும் ஒரு துண்டு மஞ்சளும் வைத்து, களிமண்ணால் மூடி மிதித்து, சாணம் போட்டு மெழுகிவிட வேண்டும். அம்மா எட்டுக் குழியையும் அப்படித்தான் மூடினாள். அவள் மகளுக்காகச் செய்த ஒரே வேலை அது. குழி இருந்த அடையாளமே தெரியாமல் அவ்வளவு சுத்தமாகச் செய்தாள்.

ஐப்பசி பிறந்தது. மழை இன்னும் இறங்கவில்லை. அதிகாரி இன்ன நாள் வருகிறார் என்று தண்டோரா போட்டாயிற்று. அதற்கு முந்தின நாள் தூரத்து வயலில் களை பறிக்கப் பெண்களுக்கெல்லாம் அழைப்பு வந்தது. கூலியோடு மத்தியானச் சோறும் என்றார்கள். அக்காவையும் கட்டாயம் வரச் சொன்னார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் விட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கொட்டிலில் படுக்க வைத்து, கஞ்சியை அடுப்பில் மூடி வைத்து, சித்தப்பா வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தாள்.

பொழுது சாய நாங்கள் திரும்பினபோது, கொட்டில் இருந்த இடத்தில் ஏஜெண்டின் இரண்டு ஜோடிக் காளைகள் கட்டியிருந்தன. கொட்டில் இல்லை. தாங்கி நின்ற செங்கல் இல்லை, பனந்துண்டு இல்லை. அக்கா குழந்தை பேரைச் சொல்லி ஒரு கத்துக் கத்தினாள் பாருங்கள், காளைகள் மிரண்டு முளைக்குச்சியை இழுத்தன.

"அம்மா, இங்க இருக்கேன்!" என்று வாய்க்காலுக்கு அந்தப்புறத்திலிருந்து குரல் வந்தது.

அங்கே இருந்தது கொட்டில். வாய்க்கால் கரைப் புறம்போக்கில், அந்தச் சட்டம் எட்டாத சர்க்கார் மண்ணில், அதே செங்கல், அதே பனந்துண்டு, அதே ஆட்டுக்கல் பாதி. மட்டம் பார்த்து வைத்திருந்தார்கள். ஒரு கீற்றும் கலையவில்லை. அடுப்பிலிருந்த கஞ்சி சிந்தவில்லை. குழந்தை உள்ளே உட்கார்ந்து பொரிகடலை தின்றுகொண்டிருந்தது. அதன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"நம்ம வூடு நடந்துச்சும்மா! சின்னத் தாத்தா ஐலசான்னு சொன்னாங்க. தேரு மாதிரி தூக்குனாங்க. கீழ தண்ணி போச்சு. எனக்குப் பொரிகடலை குடுத்தாங்க" என்றது.

சின்னத் தாத்தா என்றால் என் சித்தப்பா.

ஒரு காலத்தில் எங்கள் பக்கத்தில் இடத்தைக் காலி செய்ய வைக்க வேண்டுமென்றால் நெருப்பு வைப்பார்கள். நெருப்பு வைத்தால் போலீஸ் வரும், பேப்பர்காரன் வருவான், சங்கம் வரும் என்பதை அதற்குள் பண்ணைகள் கற்றுக்கொண்டிருந்தன. பொரிகடலை கொடுத்துத் தூக்கினால் எவன் வருவான்?

நான் ஓடிப்போய்ச் சித்தப்பாவைப் பிடித்தேன். வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். "நீங்கல்லாம் மனுசந்தானா? அவ வச்ச சோத்தத் தின்ன கையாலயே தூக்குனீங்களே, அந்தக் கை அழுவிப் போவாதா?" என்று வாய்க்கு வந்தபடி கேட்டேன்.

அவர் கோபப்படவே இல்லை. "கத்தாதடி. என்னத்த இப்பக் கெட்டுப் போச்சு? ஒடச்சமா, கிழிச்சமா? இந்தாண்ட இருந்தத அந்தாண்ட வச்சோம். நாளைக்கு எம் மனைக்கு யாரு சாட்சி? ஏஜெண்டு. ஏழு பேரு மனைக்கும் அவர்தான் சாட்சி. எட்டு வீடு பெருசா, ஒங்க அக்கா ஒருத்தி பெருசா? அவளுக்குத்தான் புருசன் இருக்கானே."

"திருப்பித் தூக்கி வைங்க."

"எவன் வருவான், கூப்புட்டுப் பாரு" என்றார்.

கூப்பிட்டுப் பார்த்தேன். ஏழு வீட்டு வாசலிலும் போய் நின்றேன். ஒருவருக்கு இடுப்பு வலி. ஒருவர் வீட்டில் இல்லை என்றார்கள், உள்ளே இருமல் கேட்டது. பிரித்தாவது எடுத்து வரலாமென்றால், காளைகளுக்குப் பக்கத்தில் இரண்டு பேர் தடியோடு உட்கார்ந்திருந்தார்கள். தோழரைத் தேடி ஆள் அனுப்பினால், அவர் நாகப்பட்டினத்தில் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார் என்று பதில் வந்தது. அக்காவும் நானும் ஸ்டேஷனுக்குப் போனோம். ஏட்டு பேனாவை மூடியபடியே கேட்டார்.

"என்ன சேதம்?"

"சேதம் ஒண்ணும் இல்லீங்க."

"களவு போச்சா?"

"வூடு போச்சுங்க."

"வூடு எங்க இருக்கு?"

"வாய்க்காலுக்கு அந்தாண்டங்க."

"அப்பறம் எங்க களவு போச்சு? போம்மா, போயி வூட்டப் பாத்துக்க" என்றார். பக்கத்திலிருந்த கான்ஸ்டபிள் சிரித்தார்.

மறுநாள் அதிகாரி வந்தார். சின்ன வயசு. நல்ல மனிதர் என்றே சொல்வேன், அதுதான் கொடுமை. எங்களை 'ங்க' போட்டுத்தான் பேசினார். தெரு முழுக்க அளந்தார். சித்தப்பா மனை, அந்த ஏழு பேர் மனை, எங்கள் குடிசை மனை எல்லாம் எழுதியாகிவிட்டது. ஏஜெண்டு ஒன்றுக்கும் ஆட்சேபம் சொல்லவில்லை. கடைசியாக அக்கா முன்னால் வந்தாள். ஜென்மத்தில் முதல் தடவையாக அவள் ஓர் ஆம்பளை அதிகாரியிடம் வாய் திறந்தாள்.

"ஐயா, எனக்குத் தனி அடுப்புங்க. இந்த எடத்துலதாங்க குடியிருந்தேன். நேத்துத்தான் தூக்கிட்டுப் போனாங்க."

அதிகாரி காளைகளைப் பார்த்தார். வாய்க்காலுக்கு அப்பால் நிற்கும் கொட்டிலைப் பார்த்தார். "தூக்கிட்டா? சரிங்க. இங்க இருந்துச்சுன்னா கால் ஊனுன குழி இருக்கணுமே, காட்டுங்க" என்றார்.

அக்கா மண்டியிட்டாள். காளைகள் ஒரு ராத்திரி முழுக்க மிதித்துச் சேறும் சாணமும் ஆக்கியிருந்த மண்ணில் கருக்கரிவாளால் கிளறினாள். மூத்திரமும் சேறும் முழங்கை வரை ஏறியது. எங்கே கிளறினாலும் ஒரே மாதிரி களிமண். அம்மா அவ்வளவு நன்றாக மூடியிருந்தாளே.

"இங்க என்னங்க இருந்துச்சு?" என்று அதிகாரி சித்தப்பாவைக் கேட்டார்.

"ஆட்டுக் கொட்டிலுங்க. எங்க அண்ணன் போட்டது" என்றார். பொய்யா? பொய் இல்லை.

அதிகாரி விடவில்லை. அதையும் சொல்ல வேண்டும். அம்மா பக்கம் திரும்பினார். "நீங்க பெத்தவங்க. நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன். ஒங்க பொண்ணு எங்க படுக்குறாங்க? ஒங்க வீட்டுலயா, இங்க இருந்த கொட்டில்லயா?"

தெருவே அம்மாவைப் பார்த்தது. ஒரு வார்த்தை போதும். கொட்டிலில் என்று சொன்னால் முடிந்தது. அப்போது ஏஜெண்டு மெதுவாகச் சிரித்துக்கொண்டே குறுக்கே விழுந்தார்.

"என்ன சார் கேள்வி இது? பெத்த பொண்ண யாராவது ஆட்டுக் கொட்டில்ல படுக்க வைப்பாங்களா? நம்ம ஊருல அப்படிப்பட்ட தாயாரு யாரும் கெடையாது சார். அப்படித்தானம்மா?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அம்மாவின் முகம் கறுத்தது. ஒன்றரை வருஷமாக வாய் கூசாமல் செய்ததை, பத்துப் பேர் முன்னால் சொல்ல அவளுக்கு வாய் கூசியது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"உள்ளதாங்க படுப்பா. எம் பக்கத்துலதாங்க" என்றாள்.

"அம்மா!" என்று நான் கத்தினேன். அவள் திரும்பவில்லை. அதிகாரி ஒரு நிமிஷம் காத்திருந்தார். வேறு யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று பார்த்தார் போல. நான் சொன்னேன், தொண்டை கிழியச் சொன்னேன். கூடப்பிறந்தவள் அப்படித்தான் சொல்லுவாள் என்றார் ஏஜெண்டு. தாயார் சொன்னதையே எழுதிக்கொண்டு போனார்கள்.

அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. காளைகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா வாசலில் நின்று, "கொழந்தைய எடுத்துட்டு உள்ள வந்து படுடி" என்றாள். அக்கா வந்தாள். அம்மா பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தாள். அதற்கு அவள் அம்மாவை அடித்திருக்கலாம், திட்டியிருக்கலாம், எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மழை விட்டு வெயில் அடித்த ஒரு காலையில் அக்கா என்னைப் பின்பக்கம் கூப்பிட்டாள். கொட்டில் இருந்த இடத்தில் பச்சையாகக் கொத்துக் கொத்தாக நெல் முளைத்திருந்தது. காளை மிதித்து மேல்மண் உடைந்திருந்தது, மழை உள்ளே இறங்கியிருந்தது. எட்டு இடத்தில் எட்டுக் கொத்து. இந்தப் பக்கம் நான்கு, அந்தப் பக்கம் நான்கு, நூல் பிடித்தாற்போல. கொட்டில் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று குருடனும் தடவிச் சொல்வான்.

"குழியக் காட்டச் சொன்னாருல்ல, இந்தா இருக்கு" என்றாள் அக்கா. அவள் கண் ஜொலித்தது.

எனக்கும் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. புத்தி கெட்டவள் நான், நியாயம் கேட்கிறேன் என்று நேரே ஏஜெண்டிடமே போய்ச் சொன்னேன். வந்தார். குடையை ஊன்றிக்கொண்டு நின்று எட்டுக் கொத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"அடடே. நல்லா வந்திருக்கே" என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, அன்பாக, "நெல்லு மொளைக்கிற எடத்துக்குப் பேரு என்னம்மா? வயலு. வயல்ல யாராச்சும் குடியிருப்பாங்களா?" என்றார்.

எங்கள் முன்னாலேயே ஒவ்வொரு கொத்தாகச் செருப்புக் காலால் அழுத்தித் தேய்த்துவிட்டுப் போனார்.

அக்கா அந்த வாரமே போய்விட்டாள். தை பிறக்கக் காத்திருக்கவில்லை. பஸ்ஸில் குழந்தை, "நம்ம வூடு எப்பம்மா திரும்பி நடந்து வரும்?" என்று கேட்டதாம். அவள் போன மறுநாள் சித்தப்பா கொட்டிலைப் பிரித்துக் கீற்றையும் காலையும் கொண்டு தன் மாட்டுக்குக் கொட்டகை போட்டுக்கொண்டார். மாமன் அவளை அடித்தான். ஒரு மணிக்கட்டு வளைந்தபடியே கூடியது. அதற்கப்புறம் அவள் வாழாமல் வரவில்லை. வந்து நிற்க இடம் ஏது?

அடுத்த ஆவணியில் ஏஜெண்டு சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அந்த இடத்தை வெட்டிக் கொத்தி, வரப்பு போட்டு, பண்ணைக்கு நாற்றங்கால் ஆக்கிவிட்டார். நாற்று பறிக்க எங்கள் தெருப் பெண்களைத்தான் கூப்பிட்டார்கள். போகமாட்டேன் என்று சொல்ல எங்கள் வயிறு இடம் கொடுக்கவில்லை. நானும் அம்மாவும் குனிந்து பறித்துக்கொண்டே வந்தோம். வாய்க்கால் பக்கத்து மூலைக்கு வந்தபோது அம்மா நிமிர்ந்தாள்.

"இங்கதான அவ அடுப்பு இருந்துச்சு. இந்தா, இங்கதான கொழந்தையப் போட்டுக்கிட்டுப் படுத்திருப்பா" என்றாள், நன்றாக எல்லாருக்கும் கேட்கும்படி.

"இத அன்னைக்குச் சொல்லியிருக்கணும்" என்றேன்.

அம்மா மறுபடி குனிந்தாள். கையிலிருந்த நாற்றைக் காலில் தட்டிச் சேறு போக்கினாள். பறித்த நாற்றை முடியாகக் கட்ட நார் இருக்கிறதா என்று கேட்டாள்.